பழித்துக்காட்டியவனுக்கு அந்த இறப்பில் எவ்வளவு பொறுப்பு?

கடைசிப் பெஞ்சு கேட்டது:

முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைப் பற்றி, என்னை அறியாதவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அறிந்தவர்கள் எல்லோரும் ஆறுதல்தான் சொல்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு முன்பெஞ்சில் இருந்த மாணவனுக்குத் திக்குவாய். பகரத்தில் தொடங்கும் சொல் வந்துவிட்டால் உதடுகள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் நிற்கும். வலக்கைக் கட்டைவிரலால் மேசையின் விளிம்பை அழுத்திக்கொண்டே அந்தச் சொல்லை வெளியே தள்ளுவான். எனக்கோ யாருடைய குரலையும் அப்படியே பேசிக்காட்டும் திறமை இருந்தது. ஒரு நாள் ஆசிரியர் வெளியே சென்றிருந்த வேளையில், அவன் பாடம் வாசிப்பதை அந்தக் கட்டைவிரல் உட்பட அச்சு அசலாகச் செய்துகாட்டினேன். வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பிறகு இரண்டு அல்லது மூன்று முறை செய்திருப்பேன். அதற்குமேல் நான் செய்யவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒரு மாதத்திற்குள், அவன் நடந்துபோகும்போது யாராவது ஒருவர் கட்டைவிரலை மேசையில் அழுத்தினாலே போதும் என்ற நிலை வந்துவிட்டது. ஒரு சொல்கூடப் பேசவேண்டியதில்லை. நான் செய்யாத பலவற்றையும் மற்றவர்கள் செய்தார்கள்: புத்தகத்தை ஒளித்துவைத்தார்கள், பையில் தண்ணீர் ஊற்றினார்கள், ஒருமுறை கழிப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அடுத்த ஆண்டு, பதினாறாம் வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான் என்ற செய்தி வந்தது. அவன் வீட்டிலும் ஏதோ பிரச்சினை இருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். நாங்கள் எல்லோரும் அந்தப் பேச்சைப் பற்றிக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வகுப்பே சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது அவன் திக்கமாட்டான். அவனுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்ததால் அவன் குரலை நான் தனியாகக் கேட்டிருக்கிறேன். கணீரென்ற குரல் அது.

சென்ற மாதம் என் மகள் தன் வகுப்புத் தோழி ஒருத்தியின் நடையைச் செய்துகாட்டினாள். அவளுக்கு வயது பதின்மூன்று. நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

என் கேள்விகள் இவை. அவனுடைய இறப்புக்கு நான் பொறுப்பாளி என்று சொல்வது சரியா? வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். என் பங்கு எவ்வளவு? இவ்வளவு காலம் கழித்து அவன் இறப்புக்குள் என்னை நுழைத்துக்கொள்வதே ஒருவிதத் தற்பெருமையோ? அவனுடைய தாயார் உயிரோடு இருக்கிறார். அவரை நான் சென்று பார்க்கவேண்டுமா?

ஆறுதல் வேண்டாம். நீங்கள் நினைப்பதைச் சொல்லுங்கள்.

---

வழக்கும் அறமும் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எந்த விடையும் நேர்மையாக இருக்காது. ஒன்று, "அவன் இறப்புக்கு நான் காரணமா?" மற்றொன்று, "அவனுக்கு நான் என்ன செய்தேன்?" முதல் கேள்விக்கு நீங்களோ நானோ விடை சொல்ல முடியாது. இரண்டாவதற்கான விடையைக் கட்டைவிரல்வரை நீங்களே எழுதிவிட்டீர்கள். முதல் கேள்விக்கு விடை தெரியாது என்பதைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பிப்பதுதான் பலரும் செய்வது.

உலகில் ஓராண்டில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்கிறார்கள் என்று உலகச் சுகாதார அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இத்தகைய இறப்பை ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிடக் கூடாது என்றும் அது ஊடகங்களுக்கு அறிவுறுத்துகிறது. அது சரியான அறிவுரைதான். ஆனால் பல காரணங்கள் இருந்தன என்பதால் அவற்றில் ஒன்று காரணமே இல்லை என்று ஆகிவிடாது. பல ஓடைகள் சேர்ந்து வெள்ளமானால், ஓடை ஒவ்வொன்றும் "நான் மட்டும் இல்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம். வெள்ளம் வந்தது வந்ததுதான்.

சட்டம் இந்த இடத்தில் நெடுங்காலமாகத் திணறிக்கொண்டிருக்கிறது. ஒருவர் தானாக முடிவெடுத்துச் செய்த செயல் குறுக்கே வந்தால், அதற்கு முன் செய்தவரின் பொறுப்பு அங்கே அறுந்துவிடுகிறது என்பது பழைய சிந்தனை. ஹார்ட், ஒனொரே என்ற சட்ட அறிஞர்கள் இருவரும் 1959-இல் எழுதிய நூல் அதை விரிவாக ஆராய்கிறது. இந்தியச் சட்டத்தில் தற்கொலைக்குத் தூண்டுதல் என்ற குற்றத்துக்குப் பத்தாண்டுகள்வரை சிறைத்தண்டனை உண்டு. முன்பு தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 108-ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆயினும் வெறும் அவமதிப்பு போதாது, தூண்டும் எண்ணமும் நெருங்கிய தொடர்பும் நிறுவப்படவேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்கின்றன. பிரான்சு 2022 மார்ச்சில் வேறு வழியில் சென்றது. பள்ளியில் நடக்கும் துன்புறுத்தலையே தனிக் குற்றமாக்கி, அதற்கு ஆளானவர் உயிரை மாய்த்துக்கொண்டாலோ அதற்கு முயன்றாலோ பத்தாண்டுகள்வரை தண்டிக்கலாம் என்று சட்டம் இயற்றியது.

ஜப்பானில் ஓட்சு என்ற நகரில் 2011-இல் பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் இறந்தான். அதைப் பள்ளியும் கல்வி வாரியமும் கையாண்ட விதம் நாட்டையே கொதிக்கவைத்தது; பள்ளித் துன்புறுத்தலைத் தடுக்க 2013-இல் தனிச்சட்டம் வந்தது. உடன்படித்த இருவர் செய்த துன்புறுத்தலுக்கும் அந்த இறப்புக்கும் தொடர்பு உண்டு என்று 2019-இல் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 3 கோடியே 75 இலட்சம் யென் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தத் தொடர்பை ஏற்றுக்கொண்டே, பெற்றோர் தரப்பிலும் குறை உண்டு என்று கூறித் தொகையை ஏறக்குறைய 40 இலட்சமாகக் குறைத்தது. பணத்தைப் பங்கிடவேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு உண்டு. உங்களுக்கு அது இல்லை. பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்து அன்று. நாற்பது பேர் இருந்ததால் உங்கள் பாகம் நாற்பதில் ஒன்றாகச் சுருங்கிவிடாது. நீங்கள் செய்தது முழுவதும் உங்களுடையது. மற்றவர்கள் செய்தது முழுவதும் அவர்களுடையது.

"அவன் மெல்லிய மனம் படைத்தவன், வேறொருவனாயிருந்தால் தாங்கியிருப்பான்" என்ற வாதம் உங்கள் மனத்தில் எழுந்திருக்கக்கூடும். இங்கிலாந்தில் 1975-இல் ஒரு கொலை வழக்கு நடந்தது. குத்துப்பட்ட பெண் தன் மத நம்பிக்கையால் இரத்தம் ஏற்றிக்கொள்ள மறுத்து இறந்தார். அவர் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தாக்கியவன் தான் தாக்கிய மனிதரை அவர் இருந்தபடியே ஏற்கவேண்டும் என்றது. உடற்காயத்துக்கு வகுத்த நெறி அது. மனக்காயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் தோழன் எவ்வளவு தாங்குவான் என்பதை அளந்துபார்த்துவிட்டு நீங்கள் தொடங்கவில்லை. அது தெரியாமலேயே தொடங்கியதுதான் தவறு.

தற்பெருமையா என்று கேட்டீர்கள். பெர்னார்ட் வில்லியம்சு, தாமஸ் நேகல் என்ற மெய்யியலாளர்கள் இருவர் 1976-இல் இதைப் பற்றி விவாதித்தார்கள். தன் தவறு ஏதுமின்றிக் குழந்தையின்மேல் லாரியை ஏற்றிவிட்ட ஓட்டுநரின் துயரம், அருகில் நின்று பார்த்தவரின் துயரத்தைவிட வேறுவகையானது, அப்படி இருப்பதே இயல்பு என்றார் வில்லியம்சு. நமக்கு இது புதிதன்று. தேர்க்காலில் கன்று விழுந்த கதையில் இளவரசன் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதையின் தண்டனையை இன்று எவரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் "தெரியாமல் நடந்தது" என்ற சொல் தாய்ப்பசுவின் முன் செல்லுபடியாகவில்லை என்பது மட்டும் ஏன் இத்தனை நூற்றாண்டுகளாக நம்மை விட்டு அகலவில்லை என்று எண்ணிப்பாருங்கள். உங்கள் நிலை அந்த ஓட்டுநரின் நிலையுமன்று. அவர் மீது குற்றமில்லை. உங்கள் மீது உண்டு. அது எவ்வளவு தொலைவு சென்றது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே இது தற்பெருமை அன்று.

---

கரும்பலகை எழுதியது:

இருபத்தாறு ஆண்டுகள் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். மேலே எழுதியவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் பதினான்கு வயதுப் பிள்ளையை முழு மனிதனாக நிறுத்திவைத்துப் பேசிவிட்டார். அந்த வகுப்பறையில் முழு மனிதர் ஒருவர் இருந்திருக்கவேண்டும். வெளியே சென்றிருந்த அந்த ஆசிரியரைத்தான் சொல்கிறேன். ஒரு மாதத்துக்குள் கட்டைவிரல் ஒரு சைகையாக வகுப்பு முழுவதும் பரவியிருக்கிறது. ஐந்தாறு ஆசிரியர்கள் நாள்தோறும் உள்ளே வந்துபோயிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லையா? நம்ப மாட்டேன். பட்டிருக்கும்.

நார்வேயில் 1982-இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உடன்படித்தவர்களின் கொடுமையே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்று தெரியவந்தபோது, அந்த நாடு "பிள்ளைகள் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகரவில்லை. மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதில் பணியாற்றிய டான் ஓல்வேயசு என்ற உளவியலாளர்தான் இத்தகைய துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளங்களை வகுத்துத் தந்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க இயலாதவருக்குச் செய்வது. பெர்கன் நகரப் பள்ளிகளில் இரண்டாண்டுகள் முறையாக உழைத்தபிறகு அங்கே துன்புறுத்தல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பெரியவர்களால் பாதியாகக் குறைக்க முடிந்த ஒன்று, பெரியவர்கள் எதுவும் செய்யாத இடத்தில் நடந்தால், அதன் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டுவது எப்படி நியாயமாகும்?

பின்லாந்தில் கிறிஸ்தினா சால்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996-இல் ஒரு வகுப்பறையைக் கொடுமைக்காரன், கொடுமைக்கு ஆளானவன் என்று இருவராக மட்டும் பார்க்க முடியாது என்று காட்டினார்கள். கூட நின்று உதவுபவர்கள், சிரித்து ஊக்கம் கொடுப்பவர்கள், கண்டும் காணாமல் ஒதுங்குபவர்கள், ஆளானவனுக்குத் துணைநிற்பவர்கள் என்று எல்லோருக்கும் அங்கே ஒரு வேடம் உண்டு. ஐயா, உங்கள் திறமை மேடையேறிய நாளில் அதற்குக் கிடைத்த சம்பளம் அந்தச் சிரிப்பு. சிரிப்பு கிடைக்காதிருந்தால் இரண்டாவது முறை நீங்கள் செய்திருக்கமாட்டீர்கள். கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வைப் பல முறை படித்திருக்கிறேன். உடனிருந்த பிள்ளைகள் தலையிட்டது ஏறத்தாழ ஐந்தில் ஒரு நிகழ்வில்தான். ஆனால் தலையிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட முறை பத்து நொடிகளுக்குள் கொடுமை நின்றுபோனது. பத்து நொடி!

இப்போது என் பங்கைச் சொல்லவேண்டும். என் பணியின் நான்காம் ஆண்டில், ஒரு மாணவன் காலை விந்தி நடக்கும் ஒரு சிறுமியின் பின்னால் அவளைப் போலவே நடந்துவந்தான். நான் "போதும், போய் உட்கார்" என்றேன். ஆனால் சொல்லும்போது என் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. அதை வகுப்பு பார்த்துவிட்டது. வாய் சொன்னதைவிட உதடு சொன்னதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள்; ஆண்டு முடியும்வரை அந்த நடை நிற்கவில்லை. அந்தச் சிறுமி நன்றாகப் படித்தாள், வளர்ந்தாள், நலமாக இருக்கிறாள். என்றாலும் என் ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு என்னிடம் கணக்குக் கேட்கிறது.

உங்கள் மகளைப் பற்றி ஒரு சொல். அவளைக் கெட்ட பெண் என்று ஏசாதீர்கள். நீங்கள் சிரித்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். "நான் சிரித்திருக்கக் கூடாது" என்று அவளிடமே சொல்லுங்கள். பிறகு, அந்தத் தோழி எப்படி நடக்கிறாள் என்பதை அவ்வளவு நுட்பமாகக் கவனித்தவளிடம், அப்போது அந்தத் தோழியின் முகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கவனிக்கத் தெரிந்த பிள்ளை அது. அதைச் சொல்லவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

---

மெதுவாகப் பேசுபவன் எழுதியது:

நான் உங்கள் தோழனின் இடத்தில் இருந்து, உயிரோடு இருப்பவன். வயது ஐம்பத்திரண்டு. இன்றும் திக்குகிறேன். பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கு இது உண்டு. வெளியே தெரியாதவாறு மறைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம், அவ்வளவுதான். என் பெயரைச் சொல்வதுதான் எனக்குக் கடினம். வேறு சொல் என்றால் மாற்றுச் சொல் ஒன்றைப் போட்டுத் தப்பித்துவிடலாம். பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? திக்குவது வலிக்காது. அந்தச் சொல் வருவதற்குள் எதிரே இருக்கும் முகங்கள் செய்யும் வேலைதான் வலிக்கும்.

என்னைப் பழித்துக்காட்டியவனும் திறமைசாலிதான். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் கூட்டத்தில் ஓடிவந்து கட்டிக்கொண்டான், என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான், பழைய கதைகளைப் பேசிச் சிரித்தான். அவன் மனத்தில் எந்த உறுத்தலும் இல்லை. அவன் உங்களைவிடக் கொடியவன் என்பது இதற்குக் காரணமன்று. நான் பிழைத்துக்கொண்டேன், அதனால் அவனும் பிழைத்துக்கொண்டான். நான் போயிருந்தால் இந்தக் கேள்வியை இன்று அவன் எழுதிக்கொண்டிருப்பான். செயல் ஒன்றே, விளைவு மட்டும் வேறு.

எனவே, இறப்பைக் கொண்டு உங்கள் தவற்றின் எடையை அளக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி அளந்தால் என்னைப் போல் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். பதினைந்தாம் வயதில் ஓர் இரவு முழுவதும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது என் வீட்டில் எவருக்கும் தெரியாது. (இதைப் படிக்கும் யாராவது இன்று அப்படி ஓர் இரவில் இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் யாரையாவது எழுப்பிச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்தது பெரிய அபாயம். பிழைத்தது என் கெட்டிக்காரத்தனம் அன்று.)

நீங்கள் செய்யுளைப் பற்றி எழுதிய வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஆம், சேர்ந்து சொல்லும்போது எங்களில் பலருக்குத் திக்காது. என் வகுப்பில் ஒருவன் இருந்தான். அவன் எனக்கு நண்பன்கூட இல்லை. நான் வாசிக்க எழுந்து சொல் அடைத்துக்கொண்டு நின்ற ஒரு நாளில், தன் புத்தகத்தைப் பார்த்தபடியே அந்த வரியைத் தாழ்ந்த குரலில் என்னோடு சேர்ந்து வாசித்தான். வரி உருண்டோடிவிட்டது. யாரும் அவனைப் பாராட்டவில்லை. ஆசிரியர் கவனிக்கவும் இல்லை. ஆண்டு முழுவதும், தேவைப்பட்டபோதெல்லாம் அதைச் செய்தான். ஆசிரியை அம்மா சொன்ன பத்து நொடி என்பது எனக்கு அவன் முகம்தான். உங்கள் தோழனுக்குப் பின்னால் அப்படிச் செய்யக்கூடிய தொலைவில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நினைப்பதைச் சொல்லச் சொன்னீர்கள்.

---

ஒரு தமக்கை எழுதியது:

என் தம்பி கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே போய்விட்டான். பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குமேல் அவனைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். கேட்டவருக்கு அதுதான் தேவை என்று நினைக்கிறேன்.

விடுதியிலிருந்து வந்த பெட்டியில் ஒரு குறிப்பேடு இருந்தது. அட்டையில் அவன் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயர் எழுதியிருந்தார்கள். அவன் அதை அடித்துத் தன் பெயரை எழுதியிருக்கிறான். மறுபடியும் அடித்து எழுதியிருந்தார்கள். அந்தப் பட்டப்பெயர் நான்கு வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தது. ஒன்று மிக அழகான கையெழுத்து. என் தாயார் அந்த அட்டையை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. அந்த நால்வர் யார் என்பதை அவர் கேட்கவே இல்லை. என்று தொடங்கியது, அன்று அவன் என்ன செய்தான், சாப்பிட்டானா, யாரிடமாவது சொன்னானா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்த பிள்ளைகள் விடுதி நிறைய இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை.

வழக்கறிஞர் ஐயா ஜப்பான் தீர்ப்பைப் பற்றி எழுதியதில், பெற்றோர் தரப்பிலும் குறை உண்டு என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க இயலவில்லை. நீதிமன்றம் சொல்லித்தான் பெற்றோருக்கு அது தெரியவேண்டும் என்பதில்லை. என் தந்தை அந்தத் தீர்ப்பைத் தமக்குத் தாமே எழுதிக்கொண்டார். கடைசிவரை மேல்முறையீடு செய்யவில்லை. அதற்கு மேலும் ஒன்று நடந்தது. "வீட்டில் ஏதோ பிரச்சினையாம்" என்ற பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் எந்த வீட்டிலும் இருக்கும் அளவுக்குத்தான் பிரச்சினை இருந்தது. அந்தப் பேச்சு யாருக்கு வசதியாக இருந்ததோ அவர்களிடமிருந்துதான் கிளம்பியிருக்கவேண்டும். தம்பியை இழந்ததற்குப் பிறகு என் பெற்றோருக்கு நடந்த இரண்டாவது கொடுமை அது. அதைச் செய்தவர்களுக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்தது. சிறுபிள்ளைகள் என்று அவர்களை விட்டுவிட என்னால் முடியாது.

தாயாரைப் போய்ப் பார்க்கவேண்டுமா என்று கேட்டீர்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். என் தாயார் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, "அழாதேப்பா" என்று சொல்லி அனுப்பினார். வந்தவர் நிம்மதியாகத் திரும்பிப் போயிருப்பார். அம்மா மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. அவர் ஒரு நாளைக்கூட, ஒரு நிகழ்ச்சியைக்கூடச் சொல்லவில்லை. மன்னிப்பை வாங்கிக்கொண்டு போவதற்குத்தான் வந்தார்.

ஆகவே நேரே போகாதீர்கள். அந்த அம்மாவுக்கு நெருக்கமானவர், அவர் நம்பும் ஒருவர் வழியாக முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கவேண்டும், அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எதிரே இருக்கக் கூடாது. அவர் விரும்பினால், உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் நாள்வாரியாக எழுதிக் கொடுங்கள். உங்கள் அழுகையை அதில் சேர்க்காதீர்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: எல்லோரும் சேர்ந்து செய்யுள் சொல்லும்போது அவன் திக்கமாட்டான், கணீரென்று இருக்கும் என்பதை. அது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் தம்பியைப் பற்றி அப்படி ஒரு வரி கிடைக்குமானால் என் தாயார் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்.

---

கடைசிப் பெஞ்சு எழுதியது:

நால்வருக்கும் உடனே பதில் எழுத இயலாமற்போனதற்குப் பொறுத்தருள்க.

அக்கா, "வீட்டில் பிரச்சினை" என்ற பேச்சைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு நான்கு நாட்கள் இந்தப் பக்கம் வரவில்லை. அதை "பேசிக்கொண்டார்கள்" என்று என் கேள்வியில் எழுதியிருந்தேன். அது முழு உண்மை அன்று. செய்தி வந்த நாளில் எங்கள் கூட்டத்தில் அதை முதலில் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அவன் வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவன் வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. கட்டைவிரலைப் பற்றி முப்பத்தொரு ஆண்டுகளாக வருந்தியவன், இதைப் பற்றி ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது.

எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர் வாட்ஸாப் குழு ஒன்றில் இருக்கிறோம். அந்தப் பேச்சுக்கு எந்த ஆதாரமும் எங்களிடம் இருந்ததில்லை என்றும், அதைச் சொன்னவர்களுள் நான் ஒருவன் என்றும், வகுப்பில் நாங்கள் செய்தவை இன்னின்னவை என்றும் நேற்று அங்கே எழுதினேன். இருவர் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். ஒருவர் "இப்போது எதற்கு இது" என்று கேட்டார். மற்றொருவர், கழிப்பறையைப் பூட்டியது தாம்தான் என்று இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தனியாக எழுதினார்.

அவனுடைய தாயார் இப்போது மூத்த மகனுடன் இருக்கிறார். அவர்கள் குடும்பத்தோடு இன்றும் தொடர்பில் உள்ள பழைய கணக்கு ஆசிரியர் ஒருவரிடம், அந்த அம்மாவின் விருப்பத்தைக் கேட்டுச் சொல்லும்படி வேண்டியிருக்கிறேன். கேட்கிறேன் என்றார், எப்போது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாள்வாரியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். தேதிகள் நினைவில்லை, பருவங்களும் பாடவேளைகளும் நினைவிருக்கின்றன. மூன்றாம் பாடவேளை தமிழ். அவன் பின்கழுத்தும் சட்டைக் காலரும் எனக்கு நன்றாகத் தெரிகின்றன. செய்யுளின் இரண்டாம் அடி பகரத்தில்தான் தொடங்கும். அவன் அதை எல்லோருக்கும் ஒரு கணம் முன்னதாகவே எடுத்துவிடுவான்.